மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் ஓர் இளஞ்சூடு

மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் யாரும் போகக் கூடாது என்று எங்கள் குறும்பாறைத்துறையில் பலகையே எழுதி வைத்திருக்கிறோம். வெளியூரிலிருந்து கடல் பார்க்க வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள், எடுக்கட்டும், நாங்கள் சொல்வது பாறைகளை. கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளி முதுகு கூனிக் கறுத்து நிற்பது மாமியார்ப் பாறை, அதற்கு முகம் கொடுக்காமல் திரும்பி நிற்பது மருமகள் பாறை, இரண்டுக்கும் நடுவில் ஒரு வள்ளத்தின் அகலத்துக்குத் தண்ணீர் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் அமைதியாகக் கிடக்கும், ஆனால் அடியில் இருக்கிற இழுப்பு யாரையும் கேட்டுக்கொண்டு இழுப்பதில்லை. முன்பெல்லாம் அங்கே போனவர்களில் திரும்பி வந்தவர்கள் உண்டு, நடந்து வந்தவர்கள் இல்லை.

பலகையை எல்லோரும் படிப்பார்கள், யாரும் கேட்க மாட்டார்கள்; நாங்கள் கேட்பது பிரகாசியின் விசிலை. அவள் அப்பா சூசைமிக்கேல் துறைக்குக் காவல் நின்றவர், அவர் கண்ணை மூடியதும் அவருடைய விசிலைக் கழுத்திலும் கயிற்றுச் சுருளைத் தோளிலும் மாட்டிக்கொண்டு அவள் போய் அதே இடத்தில் நின்றாள், யாரும் அவளிடம் கொடுக்கவில்லை, வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை, அவளிடம் அப்படிச் சொல்லுகிற நெஞ்சுரம் எங்களில் எவனுக்கும் கிடையாது. நாற்பதைத் தாண்டியும் அவளுக்குக் கல்யாணம் ஆகாததற்கு அந்தக் குரல்தான் காரணம் என்று ஊரில் சொல்வார்கள், அவள் காதில் விழாத தூரத்தில் நின்றுதான் சொல்வார்கள்.

"பொத்தென்னு சாடாத லேய்! மொதல்ல மூஞ்சியும் பிடரியும் நனை! தணுப்பு நெஞ்சப் பிடிச்சா வாயப் பூட்டிக்கிட்டு மலந்து கெட, மூச்சு தானா வரும்!" என்று காலையில் தொடங்குவாள். "பெருவெரலும் சுண்டுவெரலும் தொட்டுப் பாரு! தொடலியா, வெறச்சாச்சு, கரையேறு, கட்டஞ்சாயா குடி!" என்று முடிப்பாள். நடுவில் விசில் ஊதினால் கடலில் கிடக்கிற அத்தனை பேரும் எழுந்து கரைக்கு வந்துவிட வேண்டும், வந்துவிடுவோம், ஏன் எதற்கு என்று கேட்கிற பழக்கம் எங்களுக்கு எப்போதோ போய்விட்டது.

இப்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் என்னை ஏசுவீர்கள். பிரகாசிக்கு நீந்தத் தெரியாது. ஒருமுறை இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கயிற்றை வீசி ஒரு வெளியூர் வியாபாரியை இழுத்துப் போட்டாள், அதை ஊர் வாயில் போட்டு மென்று மென்று, அவள் அவரை ஒரு கையால் தலைமுடியில் பிடித்துக்கொண்டு மறு கையால் அரைக் கடலை நீந்திக் கடந்தாள் என்று ஆக்கிவிட்டது, அவளும் இல்லை என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றால், நீந்தத் தெரியாதவளின் விசிலுக்கு எந்தப் பயல் கரையேறுவான், ஒருவன் ஏறாமல் இருந்து செத்தால்தான் மற்றவர்களுக்குப் புத்தி வரும், அந்த ஒருவன் யாராக இருந்தாலும் அவன் அம்மாவை அவள் தினமும் பார்க்க வேண்டும். அந்தப் பயத்தை அவள் விசிலுக்குக் கீழே நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றாள், எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

தண்ணீரில் இறங்காமல் இருக்க அவளிடம் நல்ல சாக்கு ஒன்றும் இருந்தது. எங்கள் கோயில் புனிதர் யாகப்பரின் திருவிழாவுக்குக் கொடி ஏற்றுகிற நாள் காலையில் கைக்குழந்தையிலிருந்து கம்பு ஊன்றுகிறவர் வரை ஊர் மொத்தமும் துறையில் முங்கி எழுந்து, அந்த ஈரத்தோடு கொடிக்கயிற்றைத் தொட வேண்டும் என்பது எங்கள் வழக்கம், அதற்குப் பெயர் கொடிக்குளி. திருவிழா வருவது ஆடியில், ஆடியில் எங்கள் கடல் எப்போதுமே தணுத்துக் குளிர்ந்து கிடக்கும், ஆழத்துத் தண்ணீர் மேலே வருகிற மாதம் அது. அந்தத் தணுப்பில் எல்லோரும் பல்லைக் கிடுகிடுக்க முங்கும்போது பிரகாசி மட்டும் காயாத இடத்தில் கால் வைக்காமல் நின்று, "எல்லாரும் வெள்ளத்துல கெடந்தா காவலு ஆரு பாப்பா?" என்பாள். வெள்ளம் என்று நாங்கள் சொல்வது தண்ணீரைத்தான்.

இப்படி இருக்கும்போது ஓர் ஆடியில் கடல் வழக்கத்துக்கு மேல் தணுத்தது. வலையில் வந்த கணவாய்கள் நடுங்கிக்கொண்டே வந்தன, அவற்றைக் கூறு போட்ட பெண்கள் கையைக் கக்கத்தில் வைத்து வைத்து எடுத்துக் கூறு போட்டார்கள், குளிக்க இறங்கியவர்கள் நனைந்ததும் நனையாததுமாகக் கரைக்கு ஓடி வந்தார்கள்; அந்த ஓட்டத்தில் அவர்கள் உடம்புச் சூடு கூடவே வர மறந்து தண்ணீரிலேயே தங்கிவிட்டது. அலை வந்து போயிற்று, ஏற்றம் வந்து போயிற்று, சூடு மட்டும் விட்ட இடத்தில் ஆளளவுக்கு அசையாமல் நின்றது.

இதை முதலில் கண்டுபிடித்தவள் தெக்கிளா. காலையில் கூடையில் மீனை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய், மாலையில் அதே கூடையில் சேதிகளை ஏற்றிக்கொண்டு வருகிறவள். கால் கழுவ இறங்கியவள், "அம்மோ, இதாரு வெள்ளத்துக்கு அடியில அடுப்பு மூட்டி வச்சிருக்கது?" என்றாள், என்றவளுக்கு உடனே இரண்டு முட்டும் வலித்தன, வாய் தானாக ஜெபமாலை சொல்லத் தொடங்கியது, ஐந்து தேவரகசியங்களில் மூன்றாவது முடிந்ததும் நான்காவதைத் தொடாமல் ஐந்தாவதுக்குத் தாவியது. கொஞ்ச நேரம் முன்னால் அந்த இடத்தில் குளித்துவிட்டுப் போனவர் உபதேசியார் பெர்க்மான்ஸ். பங்குச்சாமியார் இல்லாத நேரத்தில் கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர், மனைவியை இழந்து வெகுகாலமாகத் தனியே இருக்கிறவர், மாலை ஜெபமாலையை மண்டியிட்டு நடத்துகிறவர். முட்டு வலி தாங்காமல் அவர் பல வருடமாக நான்காவதை விழுங்கிக்கொண்டிருந்தது மாதாவுக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது, அன்றிலிருந்து தெக்கிளாவுக்கும் தெரிந்தது, ஆகவே எல்லோருக்கும் தெரிந்தது. அன்று மாலை மூன்றாம் தேவரகசியம் முடிந்தபோது கோயிலே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது, தெக்கிளா லேசாகத் தொண்டையைச் செருமினாள், பெர்க்மான்ஸ் வியர்த்துப்போய் நான்காவதையும் சொல்லி, ஐந்தாவதையும் சொல்லி, பயத்தில் இல்லாத ஆறாவது ஒன்றையும் சொல்லி முடித்தார்.

அதன்பிறகு ஊர் எப்படி அதைப் பழகிக்கொண்டது என்று கேட்டால், சாளை மலிந்த வருடத்தைப் பழகிக்கொண்ட மாதிரிதான், முதலில் வாயைப் பிளந்தோம், பிறகு கூடையை எடுத்துக்கொண்டோம். தணுப்பில் மனசுக்குப் பொய் சொல்ல நேரமில்லை, முங்குகிற நேரத்தில் உள்ளே என்ன ஓடியதோ அது அப்படியே சூட்டில் நின்றது, அடுத்து வந்து நிற்கிறவருக்கு அது ஒட்டியது. யாகப்பருக்கென்று நேர்ந்துவிட்ட வாத்தைத் தின்றது யார் என்பது ஒரே காலையில் தெரிந்துபோயிற்று. பெண் கொடுக்க வந்தவர்கள் சொத்தோ வேலையோ கேட்பதை விட்டுவிட்டு மாப்பிள்ளை குளித்த இடம் எது என்று கேட்டார்கள், பெண்ணின் தாய்மாமன் போய் அதில் கழுத்தளவு நின்று பார்த்துவிட்டு வந்து தலையை ஆட்டுவார் அல்லது துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவார். புருஷன்மார் குளிப்பதைக் குறைத்தார்கள், பெண்டாட்டிமார் மூக்கைப் பொத்திக்கொண்டு அவர்களைத் துறைக்கு விரட்டினார்கள். சிலர் தங்கள் சூட்டைச் சுற்றி மிதப்புக் கட்டைகளைக் கட்டி வேலி போட்டார்கள், வேலி போட்டவன் சூட்டில்தான் விசேஷம் இருக்கும் என்று எல்லோரும் அதிலேயே போய் நின்றார்கள்.

பங்குச்சாமியார் ஃபாதர் ஆம்ப்ரோஸ் ரப்பர் மலைப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர், கடலை அதுவரை ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தார். "பாவசங்கீர்த்தனம் கேக்க நான் ஒருத்தன் இருக்கேன், கடலுக்கு என்ன அவசரம்?" என்று பிரசங்கத்தில் வருத்தப்பட்டார். பிறகு ஒரு நாள் ஆசையை அடக்க முடியாமல் இறங்கி, ஊர்த்தலைவர் தனிஸ்லாஸ் விட்டுப்போன சூட்டில் கால் வைத்தார். தனிஸ்லாஸ் எங்கள் துறையின் பெரிய நீச்சல்காரர். வைத்ததுதான் தாமதம், மலைநாட்டு ஃபாதரின் கையும் காலும் தாமாக வீசின, கடல் மீன்போல் நாலு வீச்சு நீந்தினார், ஐந்தாவது வீச்சில் சூட்டின் எல்லையைத் தாண்டினார், தாண்டியதும் நீச்சல் பின்னாலேயே நின்றுவிட்டது, ஃபாதர் மட்டும் முன்னால் போய் முங்கினார். பிரகாசி கயிற்றை வீசி இழுத்துப் போட்டாள்.

"ஃபாதர், அது தனிஸ்லாசுக்க நீச்சலு. ஒங்களுக்கது இல்ல. அடுத்தவனுக்க சூட்ட நம்பி ஆழத்துக்குப் போவப்பிடாது, கேட்டேளா?" என்றாள். ஃபாதர் உப்பு நீரைத் துப்பிக்கொண்டே தலையாட்டினார், அந்த வாக்கியமும் பலகையில் ஏறியது.

எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, ஆனால் சிரிப்புக்குள்ளே ஒரு வினை வளர்ந்துகொண்டிருந்தது, அதை முதலில் பார்த்தவள் பிரகாசிதான். மறைக்க ஏதாவது வைத்திருப்பவர்கள், அதாவது எல்லோரும், தங்கள் சூட்டை யாரும் மிதிக்காத இடத்தில் விட வேண்டும் என்று நாளுக்கு நாள் தள்ளித் தள்ளிப் போய் முங்கினார்கள். முழங்கால் தண்ணீரில் குளித்தவள் இடுப்புக்குப் போனாள், இடுப்பில் குளித்தவன் ஆளாழத்துக்குப் போனான், நல்ல நீச்சல்காரர்கள் பாறைகளைப் பார்த்துப் போனார்கள். பிரகாசி ஊதி ஊதி உதடு வெடித்துக் பால் விடாத கட்டஞ்சாயாகூடக் குடிக்க முடியாமல் இருந்தாள். எல்லோரிலும் தள்ளிப் போனவர் பெர்க்மான்ஸ். ஜெபமாலை விஷயம் வெளியே வந்த பிறகு அந்த மனிதர் விடியற்காலையில் யாருக்கும் முன்னால் வந்து, யாருக்கும் எட்டாத இடத்தில் முங்கிவிட்டு, யாருக்கும் முகம் காட்டாமல் போனார். ஜெபமாலையைக் காட்டிலும் பெரிதாக அவரிடம் என்ன இருக்க முடியும் என்று தெக்கிளாவுக்கு இரவெல்லாம் தூக்கம் இல்லை.

அதோடு இன்னொரு கேள்வியும் அவளுக்குத் தூக்கத்தைக் கெடுத்தது, அதை அவள் ஊர்க் கமிட்டியில் கொண்டுபோய் வைத்தாள்: எல்லோருடைய உள்ளும் தெரிந்தாயிற்று, பிரகாசியுடையது என்ன?

தனிஸ்லாஸ் மீசையைத் தடவினார். "எல்லாருக்க வண்டவாளமும் வெள்ளத்துல கெடக்கு. அவளுக்கது மட்டும் கரையில காயுதா? இந்தக் கொடிக்குளிக்கு விசில நான் பிடிக்கேன். அவளும் முங்கட்டு."

"ஒமக்கு வெள்ளம் பாக்கத் தெரியுமாவோய்?" என்றாள் அங்கேயே நின்ற பிரகாசி.

"ஊதத் தெரியும்," என்றார் தனிஸ்லாஸ்.

கமிட்டி சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, திருப்பி ஏசவும் இல்லை, அதுதான் எங்களுக்கு இன்னும் ருசியாக இருந்தது. ஏசாமல் போகிறாள் என்றால் உள்ளே பெரிய சரக்கு இருக்கிறது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டோம். பிரகாசி வீட்டுக்குப் போய் விசிலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தாள், விழிஞ்ஞத்தில் இருக்கிற அக்கா வீட்டுக்கு ஓடிவிடலாமா என்று யோசித்தாள். முங்கினால் ஊருக்குத் தெரியும், தெரிந்தால் விசில் செத்தது, விசில் செத்தால் அடுத்து யார் என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தாள். ஊரில் அத்தனை முகத்தையும் அவளுக்குப் பிடித்திருந்தது, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கொடிக்குளி நாளில் வள்ளங்கள் எல்லாம் கோயில் முற்றத்தில் ஃபாதர் மந்திரித்து ஆசீர்வதிப்பதற்காகப் பூவும் கொடியும் கட்டி ஏற்றி வைக்கப்பட்டிருந்தன, கடலில் மனிதர்கள் மட்டுமே இருந்தார்கள். ஊர் மொத்தமும் கரையிலிருந்து பாறைகளின் பக்கம்வரை சிதறி நின்று கூவிக்கொண்டே முங்கியது. தனிஸ்லாஸ் விசிலை வாங்கிக்கொண்டார், கயிற்றை அவள் கொடுக்கவில்லை, அதைத் தோளில் போட்டபடியே முழங்கால் தண்ணீரில் போய் நின்றாள். தெக்கிளா அவளுக்குப் பக்கத்திலேயே, அவள் முங்கி எழுந்ததும் அந்த இடத்தில் பாய்வதற்குத் தயாராக நின்றாள்.

"முங்கு அக்கா. தணுப்பு ஒண்ணும் செய்யாது," என்றாள் தெக்கிளா.

முங்காமல் தப்பிக்க ஏதாவது வழி கிடைக்குமா என்று பிரகாசி கடலை மேலும் கீழும் பார்த்தாள். அப்போதுதான் மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் ஒரு தலை தெரிந்தது. பெர்க்மான்ஸ். ஊர் வருவதற்கு முன்பே வந்து, உலகத்தில் யாரும் மிதிக்காத இடம் அது ஒன்றுதான் என்று நினைத்து, சில நாளாகவே தன் சூட்டை அங்கேதான் விட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பாறையில் ஒரு கையைக் கொளுவிக்கொண்டே முங்கித் தப்பி வந்தவருக்கு அன்று கை தணுத்து விறைத்துவிட்டது. மருமகள் பாறையின் சிப்பிகளில் நகத்தை ஊன்றித் தொங்கிக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் ஊரே அங்கே வந்து நிற்குமே என்ற வெட்கத்தில் வாயைத் திறக்காமல் செத்துக்கொண்டிருந்தார்.

"லேய், உபதேசியாரு!" என்றாள் பிரகாசி.

தனிஸ்லாஸ் பார்த்தார், பார்த்ததும் பதறினார், பதறியதும் கையில் இருந்ததை வாயில் வைத்து ஊதினார். அவ்வளவுதான், விசில் கேட்டதும் ஊர் மொத்தமும், பாறைகளுக்குப் பக்கத்தில் நின்ற பெரிய நீச்சல்காரர்களும் சேர்த்து, ஏன் எதற்கு என்று கேட்காமல் அடித்துப் பிடித்துக் கரையேறிவிட்டது, ஏறி நின்று பெருவிரலையும் சுண்டுவிரலையும் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

"எறங்குங்க லேய், எறங்குங்க!" என்று கத்தினார் தனிஸ்லாஸ். இறங்குவதற்கு எங்களிடம் விசில் கிடையாது. சிலர் வெட்கப்பட்டு மறுபடி ஓடினார்கள், அவர் அவசரத்தில் மறுபடி ஊதினார், அவர்கள் மறுபடி கரையேறினார்கள்.

தண்ணீரில் மிஞ்சியவள் பிரகாசி ஒருத்திதான். விசில் ஊதியே பழகியவளுக்கு விசிலுக்குக் கரையேறும் பழக்கம் இருக்கவில்லை. கயிற்றின் ஒரு நுனியை இடுப்பில் கட்டினாள், மறு நுனியைத் தெக்கிளாவிடம் எறிந்தாள்.

"பிடிச்சுக்கோ. விடாத."

"நீ பேடிக்காத அக்கா, அரைக் கடல நீந்துனவல்லா நீ," என்றாள் தெக்கிளா.

அவள் முகத்தையும் பிடரியையும் நனைத்துக்கொண்டு இறங்கினாள். முதல் அடி தெக்கிளாவின் சூட்டில் விழுந்தது, உடனே அவளுக்கு யாரிடமாவது ஏதாவது சொல்ல வேண்டும்போல் வாய் அரித்தது. அடுத்தது வாத்துத் திருடனுடையது, மிளகு போட்ட குழம்பு நாக்கில் வந்தது. அதற்கப்புறம் தரை தீர்ந்தது, தரை தீர்ந்த இடத்தில் தனிஸ்லாசின் பழைய சூடு நின்றது, அதில் அவள் கை வீசியது, கால் உதைத்தது, உதைத்த வேகத்தில் அது முடிவதற்குள் அடுத்த நீச்சல்காரனின் சூட்டில் போய் விழுந்தாள். அவன் பக்கவாட்டில் நீந்துகிறவன், அவளும் பக்கவாட்டில் நீந்தினாள். அடுத்தவன் தவளை மாதிரி, அவளும் தவளை மாதிரி. இப்படியே ஊரார் மறைப்பதற்கென்று தள்ளித் தள்ளி விட்டுவைத்த சூடுகள் ஒவ்வொன்றாக அவளை வாங்கி அடுத்ததிடம் கொடுத்தன, ஒவ்வொன்றிலும் ஒருவரின் திருட்டோ ஆசையோ வயிற்றெரிச்சலோ இருந்தது, அவளுக்கு நின்று ஆச்சரியப்பட நேரமில்லை. கரையிலிருந்து பார்த்த நாங்கள், இவளுக்கு எத்தனை வகை நீச்சல் தெரிகிறது என்று பெருமூச்சு விட்டோம்.

பிறகு சூடுகள் தீர்ந்துபோயின. கடைசி ஆளின் சூட்டுக்கும் பாறைகளுக்கும் நடுவில் யாருமே குளிக்காத வெறும் தணுப்பு கிடந்தது, அதில் விழுந்ததும் கையும் காலும் பிரகாசியின் கையும் காலுமாகிவிட்டன, ஒன்றும் தெரியாத கை, ஒன்றும் தெரியாத கால். தணுப்பு நெஞ்சைப் பிடித்தது. அவளுக்குத் தன் குரலே காதில் கேட்டது, வாயைப் பூட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தாள், மூச்சு தானாக வந்தது. இழுப்பு அவளைப் பிடித்து இழுத்தது, இழுக்கட்டும் என்று கிடந்தாள். அது இழுக்கிற இடத்துக்குத்தான் அவள் போக வேண்டியிருந்தது, அதற்கு நீந்தத் தெரிய வேண்டியதில்லை. கயிறு போதாமல் கரையில் எட்டி எட்டிப் பிடித்தோம், ஃபாதர் ஆம்ப்ரோஸ் ஓடிப்போய், கொடி ஏற்றுவதற்கு வைத்திருந்த புதுக் கயிற்றைக் கொண்டுவந்து அதோடு முடிச்சுப் போட்டார்.

இழுப்பு அவளை மருமகள் பாறையில் கொண்டுபோய் மோதியது, அவள் பாறையைப் பிடித்தாள், பெர்க்மான்ஸைப் பிடித்தாள், ஏசுவதற்கு வாயைத் திறந்தாள், திறந்த வாய் திறந்தபடியே நின்றது. அவர் பல காலைகளாக விட்ட சூடு ஒன்றன்மேல் ஒன்றாக அங்கே கிடந்தது, அதில் அவள்தான் இருந்தாள். கழுத்தில் விசிலோடு கரையில் நிற்கிற பிரகாசி, ஏசுகிற பிரகாசி, உதடு வெடித்த பிரகாசி. வருடக்கணக்காக அந்த மனிதர் தேவைக்கு அதிகமாகத் தண்ணீரில் கிடந்ததெல்லாம் அவள் தன்னைப் பார்த்து ஒருமுறை விசில் ஊத வேண்டும் என்பதற்காகத்தான், ஊதியதும் நல்ல பிள்ளையாகக் கரையேறியிருக்கிறார். தன் குரலைப் பாட்டுக் கேட்பதுபோல ஒருவர் கேட்டிருக்கிறார் என்று அவளுக்கு முதன்முதலாகத் தெரிந்தது, அத்தனை தணுப்பிலும் அவளுக்கு அழுகை வந்தது.

"வெரலு தொடுதா?" என்றாள்.

"தொடல."

"என்ன எளவுக்கு இஞ்ச வந்தீரு?"

"நீ இஞ்ச வரமாட்டன்னுதான்," என்றார் பெர்க்மான்ஸ். அவள் பாறையைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்தார். "பிரகாசி, ஒனக்கு நீந்தத் தெரியாதா?"

"மிண்டாம இரும்," என்று அவர் பேச்சை நிறுத்தி, அவரைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கயிற்றைச் சுண்டினாள்.

நாங்கள் இழுத்தோம். கைக்குழந்தைக்காரிகள்கூடக் குழந்தையை மணலில் இருத்திவிட்டு வந்து இழுத்தார்கள். அந்த வருடம் கொடிக்கயிற்றைத் தொடாதவர் என்று ஊரில் ஒருவர்கூட இல்லை. இரண்டு பேரும் கரைக்கு வந்து சேர்ந்தார்கள், கட்டஞ்சாயா வந்தது, கொடி நனைந்த கயிற்றிலேயே ஏறியது. தனிஸ்லாஸ் விசிலைத் தன் வேட்டியில் துடைத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆனால் அவள் சூடு அங்கே இருந்ததே. தெக்கிளா விடுவாளா? மறுநாளே இடுப்பில் கயிறு கட்டி, ஆட்களைக் கரையில் நிறுத்தி, பாறைகளின் பக்கம் போனாள். ஊர் மொத்தமும் மணலில் குந்தியிருந்தது. போனவள் போன வேகத்தில் திரும்பி வந்தாள், முகத்தில் ரத்தமில்லை.

"என்ன பிள்ளே? என்ன இருக்கு?"

தெக்கிளா எங்களைப் பார்த்தாள், தூரத்தில் விசிலோடு நிற்கிற பிரகாசியைப் பார்த்தாள். "ஏச்சுதான்," என்றாள். "காது கூசுத ஏச்சு. வேற ஒண்ணுமில்ல."

வாழ்நாளில் முதன்முறையாகத் தெக்கிளா கூடையைக் கவிழ்த்துவைத்தாள். நம்பாமல் தனிஸ்லாஸ் போனார், வந்து உட்கார்ந்து வெகுநேரம் சாயாவை ஆற்றினார், "ஏச்சுதான்" என்றார். ஒவ்வொருவராகப் போனோம், ஒவ்வொருவராக வந்து ஏச்சுதான் என்றோம். நானும் போனேன். அவள் கடந்துபோன வழியெல்லாம் எனக்குத் தெரிந்தது அங்கே நின்றபோதுதான். ஒரு விரல் பட்டதும் எனக்கு நீச்சல் மறந்தது, காலுக்குக் கீழே கடல் எத்தனை ஆழம் என்று தெரிந்தது, அந்த ஆழத்தை வைத்துக்கொண்டு அவள் இத்தனை வருடம் எங்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிப் பயந்துகொண்டிருந்தது தெரிந்தது, அந்தப் பெயர்களில் என் பெயரும் இருந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுகொண்டே வந்தேன்.

ஆவணி பிறந்து கடல் வெதுவெதுத்ததும் எல்லோருடைய சூடும் தண்ணீரோடு தண்ணீராகிப் போயிற்று, அவள் சூடு மட்டும் போகவில்லை, இன்றைக்கும் இரண்டு பாறைகளுக்கும் நடுவில் நிற்கிறது. பலகையைப் பார்த்துச் சிரித்துவிட்டு அந்தப் பக்கம் நீந்துகிற வெளியூர்க்காரன் அதன் ஓரத்தைத் தொட்டதும் முகம் வெளுத்துத் திரும்பிவிடுகிறான், அதற்குப் பிறகு அங்கே ஒருவரும் சாகவில்லை. பிரகாசிக்கு நீந்தத் தெரியாது என்பது ஊருக்கெல்லாம் தெரியும், ஒருவரும் சொன்னதில்லை. அரைக் கடல் கதையை இப்போது முழுக் கடலாகச் சொல்கிறோம். அவள் ஊதினால் முன்னைவிட வேகமாகக் கரையேறுகிறோம். கிழக்கே கரைப் பாறைகளுக்குப் பின்னால் அலை வராத குட்டை ஒன்று இருக்கிறது, அங்கே விடிகாலையில் பெர்க்மான்ஸ் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே ஒருத்திக்கு மல்லாந்து மிதக்கவும் கை வீசவும் சொல்லிக்கொடுக்கிறார் என்பதும் எல்லோருக்கும் தெரியும், அந்த வழியாகப் போக வேண்டியிருந்தால் தூரத்திலேயே இருமிக்கொண்டு போகிறோம். எங்களுக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியுமா என்றுதான் தெரியவில்லை.

அடுத்த ஆடியில் கடல் மறுபடி தணுத்தது, சூடுகள் மறுபடி தங்கின. கொடிக்குளியன்று பிரகாசி யாரும் கேட்காமலேயே இறங்கி, முகமும் பிடரியும் நனைத்து, முங்கி எழுந்து, கரைக்கு வந்து விசிலை மாட்டிக்கொண்டாள். அவள் முங்கிய இடம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, தெக்கிளா உட்பட ஒருவரும் அதில் காலை வைக்கவில்லை, சுற்றி வழிவிட்டு நின்றோம். பெர்க்மான்ஸ் மட்டும் மெல்லப் போய் அதற்குள் நின்றார். கண்ணை மூடிக்கொண்டார். நின்றுகொண்டே இருந்தார். உதடு நீலமாயிற்று, விரல்கள் தொடுமா என்று அவர் பார்க்கவே இல்லை. பிரகாசி விசிலை ஊதினாள், ஊர் மொத்தமும் அடித்துப் பிடித்துக் கரையேறியது, அவள் மறுபடி ஊதினாள், கரையில் நின்றவர்களே இன்னும் நாலடி மேலே ஏறினோம்.

உபதேசியார் மட்டும் ஏறவில்லை. எங்கள் துறையில் பிரகாசியின் விசிலுக்குக் கரையேறாத முதல் ஆள் அவர்தான், அவள் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, இறங்கிப் போய்க் கையைப் பிடித்துத்தான் அவரைக் கூட்டிவர வேண்டியிருந்தது.